போக்கர் வீரர் ஹெல்முத்தைப் போல நடந்துகொள்ளும் சக ஆட்டக்காரரை என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை ஆட்டக்காரன் (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவில் நான் வசிக்கும் ஊரின் சீட்டாட்ட அரங்கில் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒன்று-மூன்று டாலர் தொடக்கப் பந்தயம் கொண்ட நோ லிமிட் ஹோல்டம் (பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத போக்கர் வகை) ஆடி வருகிறேன். சென்ற வாரம் தரையில் எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகளில் இரண்டு ஒன்பதும் ஒரு ராஜாவும் விழுந்து, அந்த ஐந்தில் மூன்று ஹார்ட்டீனாகவும் இருக்க, ஏஸ் வரையிலான ஃப்ளஷ் (ஒரே இனத்தின் ஐந்து சீட்டுகள்) கையில் இருந்த துணிச்சலில் ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டில், ஆல்-இன் (இருந்த பணம் முழுவதும்) போட்டேன். எதிரே இருந்த இளைஞர் பெருமூச்சு விட்டார், எவ்வளவு என்று இரண்டு முறை கேட்டார், கூரையைப் பார்த்தார். ஒன்றரை நிமிடம் கழித்துக் கால் செய்து (பந்தயத்துக்கு ஈடாகப் பணம் வைத்து) முதலில் ஒரு ராஜாவைத் திருப்பினார். சற்றுப் பொறுத்து இரண்டாவது ராஜாவையும் திருப்பினார். ஃப்ளஷை வெல்லும் ஃபுல் ஹவுஸ்! தோற்றதைவிட, தோற்கடித்த விதம்தான் என்னை உறுத்தியது.

அதே இளைஞர் ஒரு மணி நேரம் கழித்து ஓர் அம்மையாரிடம் கடைசிச் சீட்டில் தோற்றபோது எழுந்து நின்று, அந்தச் சீட்டுகளோடு கால் செய்திருக்கவே கூடாது என்று அவருக்கு நெடுநேரம் வகுப்பு எடுத்ததோடு, தம் சீட்டுகளைச் சீட்டுப் போடும் டீலரின் பக்கம் விசிறியடித்தார். நான் கண்டித்ததற்கு, “ஃபில் ஹெல்முத் முப்பது வருடங்களாக இதைத்தானே செய்கிறார்? அவரிடம் உலக போக்கர் தொடரில் வென்ற 17 பிரேஸ்லெட் இருக்கிறதே” என்றார். மேசையில் இருவர் சிரித்து அவர் பக்கம் சாய்ந்தார்கள். இதில் எது விதி மீறல், எது வெறும் நாகரிகக் குறைவு என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நடுமேசை (பதில்)

ஐயா, நீங்கள் சொன்ன முதல் செயலுக்கு ஸ்லோ ரோல் என்று பெயர். ஏறக்குறைய தோற்கவே முடியாத கையை வைத்துக்கொண்டு தயங்குவதாக நடிப்பது எந்த விதியையும் மீறுவதில்லை என்றாலும், போக்கர் மேசையில் இதைவிடக் கேவலமாகக் கருதப்படும் செயல் அரிது. உண்மையான குழப்பத்தில் இரண்டு நிமிடம் யோசிப்பவரை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்தை நீங்களும்தான் பொறுத்துக்கொண்டிருந்தீர்கள். போட்டிகளை நடத்தும் இயக்குநர்களின் சங்கம் வகுத்துள்ள விதிகளின்படி, கடிகாரம் கேட்கப்பட்ட (முடிவெடுக்க நேரக் கெடு வைக்கக் கோரப்பட்ட) ஆட்டக்காரருக்கு 25 விநாடிகளும் அதன்பின் 5 விநாடி எண்ணிக்கையும்தான் கிடைக்கும். பல அரங்குகள் உங்களுடையதைப் போன்ற பண ஆட்டத்திலும் இதைப் போன்ற ஒன்றையே பின்பற்றுகின்றன. “டைம்” என்று டீலரிடம் சொல்லியிருந்தால் மேற்பார்வையாளர் வந்திருப்பார்.

சீட்டை விசிறியடித்தது வேறு கணக்கு. அதற்கு எச்சரிக்கையும், மீண்டும் செய்தால் மேசையை விட்டு வெளியேற்றமும் உண்டு. அந்த அம்மையாருக்கு எடுத்த வகுப்போ விதி மீறலைவிட முட்டாள்தனத்தில் சேரும். மோசமான கைகளோடு கால் செய்கிறவரால்தான் நம் போன்றவர்களுக்கு மாதக் கடைசியில் ஏதாவது மிஞ்சுகிறது. கறக்கிற பசுவை யாராவது அடித்து விரட்டுவார்களா? (அவரைப் பசு என்றதற்கு மன்னிக்கவும்; நானும் பல மேசைகளில் அந்தப் பசுவாக இருந்திருக்கிறேன்.)

முன்னாள் டீலர் (பதில்)

ஆறு ஆண்டுகள் டீலராக இருந்தவன் என்ற முறையில் விசிறியடித்த சீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிளாஸ்டிக் சீட்டின் விளிம்பு நகக்கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். மணிக்கு முப்பது கைகள் போடுகிற டீலரின் வருமானத்தில் பெரும்பங்கு, வென்றவர் தள்ளிவிடும் ஒரு டாலர் சிப்புகளிலிருந்துதான் வருகிறது. அதனால் திட்டு வாங்கிய டீலர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அவர் சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஹெல்முத்தின் இடத்தில் ஸ்டூ அங்கர் இருந்தார். உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 என மூன்று முறை வென்ற மேதை. டீலர்களிடம் மிக மோசமாக நடந்துகொண்டவர் என்றும் பெயர் எடுத்தவர். அவரை நகலெடுத்து எங்கள் மேல் எரிந்து விழுந்தவர்களை எண்ணி மாளாது. எதிராளியின் கையைச் சீட்டுச் சீட்டாகப் படிக்கும் அவருடைய கண்ணை மட்டும் ஒருவராலும் நகலெடுக்க முடியவில்லை. 1998-ல் லாஸ் வேகஸின் மலிவான விடுதி அறை ஒன்றில் 45 வயதில் அவர் இறந்து கிடந்தார்.

கைப்பிடிச் சிப் (பதில்)

ஹெல்முத்தின் ரசிகன் என்பதால் சற்று மாறுபடுகிறேன். அதே முதன்மைப் போட்டியில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பட்டம் வென்றிருந்த ஜானி சானை 1989-ல் 24 வயதில் வீழ்த்தியவர் அவர். அவருடைய கூச்சலில் பாதி மேடை நடிப்பு; அந்த நடிப்புக்குத் தொலைக்காட்சிதான் சம்பளம் கொடுத்தது. கையில் உள்ள சீட்டுகளைக் கேமரா காட்டத் தொடங்கிய பிறகுதான் போக்கர் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது. 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் வென்றபோது முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். 2006-ல் அது 8,773 ஆனது. அந்தக் கூட்டத்துக்கு நாயகர்களும் வில்லன்களும் தேவைப்பட்டார்கள். அந்த இளைஞர் செய்த பிழை ஹெல்முத்தை ரசித்தது அல்ல, கேமரா இல்லாத மேசையில் அவரைப் போல நடித்தது.

2016 முதன்மைப் போட்டியில் லண்டனைச் சேர்ந்த வில் கசூஃப் ஒவ்வொரு கையிலும் பேசிப் பேசியே மேசையை நோகடித்தார். தண்டனையும் வாங்கினார். கடைசியில் பொறுமை இழந்து அவருடன் மோதிய கிரிஃபின் பெஞ்சரிடம் இரண்டு ஏஸ் இருக்க, கசூஃப் இரண்டு ராஜாவோடு தோற்று 17-ஆம் இடத்தில் வெளியேறியபோது தர்மம் வென்றதாகப் பார்வையாளர்கள் கொண்டாடினார்கள். சீட்டுக்கு அதெல்லாம் தெரியாது. அந்த ஏஸ்கள் மறுபக்கம் போயிருந்தால் இன்றைக்கு அவரும் ஒரு நாயகர்.

நடுமேசை (பதில்)

அமைதியானவர்களைத் தொழுவதிலும் இதே சிக்கல் உண்டு. புகழ்பெற்ற போக்கர் ஆட்டக்காரர் ஃபில் ஐவி மேசையில் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் அவரைக் கண்ணியத்தின் உருவமாகவே பலர் காண்கிறார்கள். சீட்டின் பின்புற வடிவ வேறுபாட்டைப் பயன்படுத்திப் புண்டோ பாங்கோ என்ற சூதாட்ட விடுதிச் சீட்டாட்டத்தில் அவர் வென்ற 77 லட்சம் பவுண்டை அந்த விடுதி தர வேண்டியதில்லை என்றும், அவர் செய்தது ஏமாற்றுதான் என்றும் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. தாம் ஏமாற்றவில்லை என்று அவர் உளமார நம்பினார் என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரசிகர் கூட்டம் குறையவில்லை.

டாயில் பிரன்சன் 1976, 1977 இரண்டு ஆண்டுகளிலும் முதன்மைப் போட்டியின் இறுதிக் கையில் பத்து-இரண்டோடு வென்றார் என்பதற்காக, அந்த ஒன்றுக்கும் உதவாத கையை இன்றும் பக்தியோடு ஆடிப் பணத்தைத் தொலைக்கிறார்கள். நாயகர்களின் தொப்பியையும் கோபத்தையும் வெறித்த பார்வையையும் எடுத்துக்கொள்கிறார்கள். மணிக்கணக்கில் சீட்டை மடித்துப் போட்டு, அந்த ஆட்டத்திலிருந்து விலகிச் சும்மா உட்கார்ந்திருப்பதைத் தொலைக்காட்சி வெட்டிவிடுவதால், அதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

வெள்ளிக்கிழமை ஆட்டக்காரன்

பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. நேற்று, கடிகாரம் கேட்பது என்ற முடிவோடு போயிருந்தேன்; அதற்கு வேலையே இல்லை. ஆறாவது இருக்கை காலியாகக் கிடந்தது. அந்த அம்மையார் வருவாரா என்று டீலரிடம் மூன்று முறை விசாரித்தவர் அதே இளைஞர்தான். யாரும் பெரிதாகப் பந்தயம் வைக்காமல் அவரவர் சீட்டை மடித்துக்கொண்டிருந்ததால், ஒன்பது மணிக்கே மேசை கலைந்துவிட்டது.