வயிற்றில் கண்ணாடி, உடம்பெல்லாம் ஆணி: இந்தக் கொங்கோ சிலையை வீட்டில் வைக்கலாமா?

உப்புவெளிப் பெடியன்:
கின்ஷாசாவில் வேலை செய்யும் சித்தப்பா லீவில் திருகோணமலைக்கு வந்தபோது ஒரு மரச்சிலை தந்தார். ஒரு முழ உயரம், நெஞ்சு, தோள் எல்லாம் ஆணி, தொப்புள் இடத்தில் கண்ணாடிச் சில்லு. ஹோலில் வைத்தேன். அம்மம்மா கண்டதும் இது சூனியப் பொம்மை, கடலில் போடு என்று ஒற்றைக்காலில் நிற்கிறா. உண்மையில் இது என்ன? எண்ணெய் பூசித் துடைக்கலாமா?

கரைவலை:
தம்பி, பொம்மைக்கு ஆணி அடித்தால் எதிரிக்கு வலிக்கும் என்பது சினிமாக் கதை. உங்களிடம் இருப்பது கொங்கோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் கொங்கோ மக்களின் இன்கிசி (சக்தி ஏற்றிய சிலை) வகை, ஆணி அடித்ததை இன்கொண்டி என்பார்கள். அந்தக் காலத்தில் காணிச் சண்டை, களவு, இரண்டு ஊருக்கு இடையில் ஒப்பந்தம் என்று எது வந்தாலும் இங்காங்கா என்ற பூசகர் முன்னால் சத்தியம் செய்து ஓர் ஆணியோ இரும்புத் தகடோ அடிப்பார்கள். சத்தியத்தை மீறினவரை அது தேடிப்போய்த் தண்டிக்கும் என்பது நம்பிக்கை. ஆக ஒவ்வோர் ஆணியும் ஒரு வழக்கு. அம்மம்மா பயப்படுவதில் முழுக்கப் பிழையும் இல்லை, பொய்ச் சத்தியம் செய்தவர்களும் அதற்குப் பயந்துதான் இருந்தார்கள்.

மடத்தடி அக்கா:
அம்மம்மாவுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். அந்த மக்களுக்கு வெறும் மரத்தில் சக்தி இல்லை. வயிற்றுக் குழியில் இங்காங்கா வைக்கும் மண், மூலிகை போன்ற மருந்துப் பொருட்களில்தான் எல்லாம், அதை மூடத்தான் அந்தக் கண்ணாடி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியர் கைக்குப் போன சில பெரிய சிலைகளில் அந்த மருந்து முன்கூட்டியே எடுக்கப்பட்டிருந்தது. கும்பாபிஷேகத் திருப்பணிக்கு முன் பாலஸ்தாபனம் செய்து சக்தியைக் கும்பத்துக்கு மாற்றுகிறோமே, அந்த மாதிரி. கோயில் ஐயரிடம் கேட்டால் அவரே விளங்கப்படுத்துவார்.

உப்புவெளிப் பெடியன்:
நன்றி அக்கா. ஆனால் ஆணி எல்லாம் ஒரே அளவு, ஹாட்வெயாரில் வாங்கினது போல இருக்கிறது.

கரைவலை:
அப்ப சந்தைக்குச் செய்ததுதான், கவலையே வேண்டாம். பழையதில் கொல்லன் அடித்த தகடு, ஆணி, திருகு எல்லாம் கலந்து கிடக்கும், பல வருசமாகப் பல பேர் அடித்தவை அல்லவா. புகையில் காட்டி, மண்ணில் புதைத்துப் பழசாக்குவதும் நடக்கிறது.
எண்ணெய் பூசாதீர்கள். அது கபோன், கமரூன் பக்கத்து ஃபாங் மக்களின் பழக்கம், முன்னோரின் மண்டையோடு வைத்த மரப்பட்டைப் பெட்டிக்குக் காவலாக உட்காரவைக்கும் சிலைகளுக்கு அந்தக் காலத்தில் பூசினார்கள், அருங்காட்சியகங்களில் சில இன்றைக்கும் எண்ணெய் கசிகின்றன. உங்களுடையதைக் காய்ந்த தூரிகையால் தட்டினால் போதும். கடற்காற்றில் ஆணி துருப்பிடிக்கும், யன்னல் பக்கம் வேண்டாம்.