குத்துப்புல்லா, கொத்துப்புல்லா?

> 'டஸ்ஸக் கிராஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'கொத்துப்புல்' எனலாமா? தரையில் ஓடாமல், நின்ற இடத்திலேயே அடர்ந்து வளரும் புல்வகை.

ஐயா, வணக்கம்.

கொத்து என்றதும் பூங்கொத்துதான் நினைவுக்கு வருகிறது. புல்லின் கதிரைச் சொல்வதாக மயங்கிவிடுவார்கள். இங்கே புல்லின் அடிப்பகுதிதான் முக்கியம். நடவு வயலில் 'ஒரு குத்தில் 20 தூர் வெடித்திருக்கிறது' என்கிறோமே, அந்தக் குத்தையே எடுத்துக்கொள்ளலாம்: குத்துப்புல். அருகம்புல் போலத் தரையில் ஓடுவது படர்புல்.

நான் இதை வற்புறுத்தக் காரணம் கோடை. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பாருங்கள். முள்கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். சித்திரையில் புல் செத்துப்போன மாதிரி வெளிறி நிற்கும். ஆனால் குத்தின் அடியில், மண்ணை ஒட்டி, மொட்டுகள் உயிரோடு இருக்கும். நல்ல கோடை மழை ஒன்று விழுந்தால் சில நாளிலேயே பச்சை தெரியும்.

அதுவரை அந்தக் காய்ந்த குத்துதான் சிற்றுயிர்களுக்கு வீடு. குத்துக்கும் குத்துக்கும் இடையில் வெறும் தரை. கௌதாரிக் குஞ்சுகள் அதில் ஓடி இரை பொறுக்கும்; வல்லூறு தெரிந்தால் குத்துக்குள் பதுங்கும். வானம்பாடி குத்தின் அடியை ஒட்டித் தரையிலேயே கூடு வைக்கும். முயல் பகலெல்லாம் அதன் மறைவில் படுத்திருக்கும். ஓடவும் இடம், ஒளியவும் இடம். படர்புல்லில் இந்த வசதி கிடையாது. 'சும்மா காய்ந்து கிடக்கிறது, கொளுத்திவிடலாம்' என்பவரிடம் இதை எடுத்துச் சொல்லவாவது நமக்கு ஒரு பெயர் வேண்டும்.

> குத்து என்றால் அடிப்பது என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்? தூர்ப்புல் ஆகாதா?

தனியே நின்றால் அப்படித் தோன்றலாம் அம்மா. குத்துச்செடி, குத்தவரை என்று ஏற்கெனவே புழங்குகிறோம், யாரும் குழம்புவதில்லை. தூர் என்பது குத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கிளைப்பு. முழுமைக்கும் அதே பெயரை வைத்தால் பிறகு 'குத்துக்கு எத்தனை தூர்' என்று எழுத முடியாமல் போகும். கிணற்றில் வாருவதும் தூர்தான், அது வேறு.

சரி, இன்னொன்று பாக்கி இருக்கிறது. மாடு மேய்ந்தபின் மிஞ்சும் கட்டையான அடிக்கு என்ன சொல்வது? நெல்லுக்கு அரிதாள் உண்டு, ஆனால் இது அறுத்தது அல்லவே. கொறங்காட்டில் மாடு மேய்ப்பவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.