ஃபெட்டீக்: அயர்ச்சியா, சோர்வா, அசதியா?

அன்புள்ள ஐயா,

நோயாளிகளுக்கு வரும் களைப்பைச் சொல்லும் ஃபெட்டீக் (fatigue) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'அயர்ச்சி' போதும் என்று எழுதியிருந்தீர்கள். பாடநூலுக்குச் சரி. நோயாளி கையில் கொடுக்கும் கேள்வித்தாளில் எடுபடாது. 'அயர்ந்து தூங்கினேன்' என்றுதான் அந்தச் சொல் நம் வாயில் புழங்குகிறது, அயர்ச்சி இருக்கிறதா என்றால் தூக்கம் வருகிறதா என்று கேட்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

சித்திக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நோயாளியின் களைப்பை அளக்கும் ஃபேசிட் (FACIT) என்ற ஆங்கிலக் கேள்வித்தாளை (13 வாக்கியங்கள், கடந்த 7 நாட்கள் எப்படி இருந்தது, 0 முதல் 4 வரை) கைபோன போக்கில் தமிழாக்கி அவரிடம் வாசித்தேன். 'சோர்வாக உணர்கிறேன்' என்றதும் "எனக்கென்னடா சோர்வு, மனசு தெளிவாத்தான் இருக்கு" என்று 'இல்லவே இல்லை'யைக் காட்டினார். அடுத்த மூச்சிலேயே, "உடம்புதான் அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கு, அரைக் குடம் தண்ணி தூக்க முடியல." டிப்ரஷனை மனச்சோர்வு என்று சொல்லிச் சொல்லி, சோர்வே பாதி மனசு பக்கம் போய்விட்டது. அந்தத் தாளில் மதிப்பெண் கூடினால் களைப்பு குறைவு என்று கணக்கு, அதிகபட்சம் 52. ஆக இந்த வரிக்குச் சித்தி முழு மதிப்பெண் வாங்கிவிட்டார்!

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிடுவார்களே, அந்தச் சோதனையில் 'சோர்வு' ஜம்மென்று ஃபெட்டீக் என்றே திரும்பி வரும். குழுவும் தலையாட்டிவிடும். 30, 40 நோயாளிகளிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியும் என்ன புரிந்தது என்று உட்கார்ந்து கேட்டால்தான் குட்டு உடையும்.

இன்னொரு சிக்கல்: ஃபெட்டீக்ட், டயர்ட் இரண்டும் அதே தாளில் தனித்தனி வரிகள். ஒரே சொல்லைப் போட முடியாது. டயர்டுக்குக் களைப்பு, ஃபெட்டீக்டுக்கு அசதி என்பது என் யோசனை. எனர்ஜிக்கு 'ஆற்றல்' மட்டும் வேண்டாம், மின்வாரிய வாடை. தெம்பு போதும்.

*

தம்பி,

சோர்வு பற்றிச் சொன்னது சரி, அயர்ச்சியைத் தலைப்போடு நிறுத்திக்கொள்வோம். ஆனால் அசதி எனக்கு ஒப்பவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கு மத்தியானம் வருமே, அதுவும் அசதிதான், ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும். சித்தி போன்ற நோயாளிகளுக்கு வருவது தூங்கி எழுந்தாலும் போகாதது. 'போகாத அசதி' என்று நாமாக ஒட்டவைக்கவும் கூடாது, மூலத்தில் அப்படி இல்லை. சித்தியிடமே கேட்டுப் பாருங்களேன்.

*

ஐயா, கேட்டேன். "அசதியெல்லாம் இல்லடா, கை கால் ஓஞ்சு போவுது, அப்படிப் போடு" என்றார்.

இதைப் பெயர்ச்சொல் ஆக்கலாம் என்று பார்த்தால் 'ஓய்ச்சல்' குறுக்கே நிற்கிறது. ஓய்ச்சல் ஒழிச்சல் இல்லாமல் உழைக்கிறார் என்கிறோமே, அது ஓய்வு அல்லவா, நேர் எதிர். அப்புறம்தான் உறைத்தது, கேள்விக்குப் பெயர்ச்சொல் எதற்கு? 'கை கால் ஓய்ந்து போகிறது' என்று வினையாகவே வைத்துவிடலாம். ஆனால் உடம்பு முழுக்கப் பலவீனம் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது, அதோடு இது மோதுமா என்பதை டயாலிசிஸ் வார்டில் சித்தியின் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் வாசித்துக் காட்டிவிட்டு எழுதுகிறேன்.