அம்மாவின் வீணையை வேறு கைக்குக் கொடுத்துவிடலாமா?

காவிரிக்கரை:
எங்கள் வீட்டில் ஒரு தஞ்சாவூர் வீணை இருக்கிறது. ஏகாண்ட வீணை, உருண்டையான குடமும் நீண்ட தண்டியும் ஒரே பலாமரக் கட்டையில் குடைந்தவை. அம்மா வாசித்தது. நானும் அதில்தான் கற்றுக்கொண்டேன், கல்யாணத்துக்கு அப்புறமும் விடவில்லை.

இப்போது எனக்கு முடக்குவாதம். இடது கை விரல்கள் காலையில் மடங்கவே மறுக்கின்றன. வீணையில் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, என்றால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்க வேண்டும். தோடி ராகம் வாசித்தவர்களுக்கு அந்த இழுப்பு தெரியும். இனி வாசிக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். மகளுக்கு இதில் நாட்டமில்லை, அவளை வற்புறுத்தவும் மாட்டேன்.

சரஸ்வதி பூஜையன்று சந்தனம் குங்குமம் வைப்பதோடு சரி. கண்ணாடிப் பெட்டி செய்து ஹாலில் வைக்கலாம் என்கிறான் தம்பி. எனக்கு அதில் சம்மதமில்லை. கொடுப்பதென்றால் யாருக்குக் கொடுப்பது? கொடுத்தவர்களுக்கு மனசு ஆறியதா?

குடமும் தண்டியும்:
அக்கா, நான் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். பெட்டி வேண்டாம் என்று நீங்கள் சொன்னதே பெரிய நிம்மதி. சும்மா கிடக்கும் வீணை கெடும். சுரத்துக்கு விரல் வைக்கும் 24 உலோக மெட்டுகளும் மெழுகின் மேல்தான் நிற்கின்றன. அது காய்ந்து வெடித்தால் மெட்டு ஆடும், சுரம் விலகும். உங்கள் வீணைக்கு இப்போதே மேளம் கட்ட, அதாவது மெழுகைப் புதுப்பித்து மெட்டுகளைச் சுரம் பார்த்துப் பதிக்க, வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கொடுப்பதற்கு முன் நீங்களே அதைச் செய்துவிட்டால் நல்லது. வாங்குகிற பிள்ளைக்கு அந்தச் செலவு பாரமாக இருக்கும்.

புதிதாகத் தொடங்கும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். பாதியில் விட்டுவிட்டால் வீணை இன்னொரு வீட்டு மூலைக்குப் போய்விடும். தனித்தனித் துண்டுகளை ஒட்டிச் செய்த ஒட்டு வீணையிலோ இரவல் வீணையிலோ சில வருடங்கள் சாதகம் செய்து, கையில் நாதம் வந்துவிட்ட பிள்ளையாகப் பாருங்கள். திருவையாறு, சென்னை, மதுரை, கோவை அரசு இசைக் கல்லூரிகளில் ஏதாவது ஒன்றில் வீணை ஆசிரியரிடம் கேளுங்கள். சொந்த வீணை வாங்க வசதியில்லாத பிள்ளை யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பழம்பொருள் வியாபாரிக்கு மட்டும் வேண்டாம்.

வைகறை:
எடுத்தவுடன் கொடுத்துவிடாமல் முதலில் இரவலாகக் கொடுத்துப் பாருங்களேன் அம்மா. மனசு ஒப்பவில்லை என்றால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

குடமும் தண்டியும்:
இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். இரவல் வீணையில் வளர்ந்தவள் நான். தந்தி மாற்றவும் தந்தியை முறுக்கும் பிருடையைச் சரிசெய்யவும் மேளம் கட்டவும் ஒவ்வொரு தடவையும் உரிமைக்காரரிடம் கேட்டு நிற்க வேண்டும். ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்குத் தூக்கம் வராது. எந்நேரமும் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயத்தோடு கை எப்படித் தளரும்? கொடுத்தால் முழுசாகக் கொடுங்கள் அக்கா. இல்லையென்றால் கொடுக்க வேண்டாம், அதிலும் தவறில்லை.

தெற்குவீதி:
மனசு ஆறுமா என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவின் மிருதங்கத்தை நான் கொடுத்தேன். வாசிக்காமல் தோல் தளர்ந்து கிடந்தது. கொடுத்த பிறகு சில மாதங்கள் அந்த அலமாரிப் பக்கம் கண் போகும்போதெல்லாம் நெஞ்சு கனத்தது. அதைப் பொய் சொல்லி மறைக்க மாட்டேன். ஆனால் வருஷக்கணக்காக என்னைக் குடைந்துகொண்டிருந்த குற்ற உணர்வு அன்றோடு போய்விட்டது. அப்பாவை இப்போது நிம்மதியாக நினைக்க முடிகிறது.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. முழுசாகவே கொடுக்கிறேன். அம்மா கைப்பட எழுதிய சுரநோட்டை மட்டும் வைத்துக்கொள்வேன். பிள்ளைக்கு வேண்டுமென்றால் நகல் எடுத்துத் தருவேன். திருவையாற்றுக்குக் காரில் எடுத்துப் போகலாமா?

குடமும் தண்டியும்:
போகலாம். தண்டிக்கு அடியில் உள்ள சுரைக்காயைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரை இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு தந்திகளைத் தளர்த்துங்கள். தண்டியின் நுனியில் உள்ள யாளி முகத்துக்குத் தலையணை கொடுங்கள். விடியற்காலையில் கிளம்புங்கள், சாப்பிட இறங்கினாலும் வண்டியை வெயிலில் விடாதீர்கள். மெழுகு இளகினால் கட்டிய மேளம் அத்தனையும் வீண்.