4கே புளூ-ரே வட்டு எக்ஸ்டர்னல் டிரைவில் திறக்கிறது, படம் ஓடவில்லை: கோளாறு டிரைவிலா, கணினியிலா?

திரைநேயன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். 4கே அல்ட்ரா எச்டி புளூ-ரே வட்டுகளைப் படிக்கும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்த ஓர் எக்ஸ்டர்னல் டிரைவை வாங்கி, யுஎஸ்பி வழியாக என் மேசைக் கணினியில் இணைத்துள்ளேன். வட்டைப் போட்டதும் அதன் பெயரும் உள்ளே இருக்கும் கோப்புறைகளும் தெரிகின்றன. 50 ஜிபியைத் தாண்டிய வீடியோ கோப்பு கூடக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பிளேயர் மென்பொருளில் ஓட்டினால், இந்தக் கணினி இவ்வகை வட்டை ஆதரிக்கவில்லை என்ற பொருள்படும் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. சாதாரண புளூ-ரே வட்டுகள் அதே டிரைவில், அதே மென்பொருளில் ஒழுங்காக ஓடுகின்றன.

கணினியில் இருப்பது 12-ஆம் தலைமுறை கோர் ஐ7 ப்ராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11, எச்டிஆர் வசதியுள்ள 4கே மானிட்டர். இணையத்தில் 4கே படங்கள் எந்தத் திணறலும் இல்லாமல் ஓடுவதால், கணினியின் வேகத்தில் குறை இருக்க வாய்ப்பில்லை. டிரைவை மாற்றித் தரும்படி கேட்கலாமா, அல்லது யுஎஸ்பி கேபிளைச் சந்தேகிக்க வேண்டுமா?

வட்டுச்சுழலி (பதில்):

டிரைவைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. சிக்கல் உங்கள் ப்ராசசர் போதிய அளவு பழையதாக இல்லை என்பதுதான். கேட்க விசித்திரமாக இருந்தாலும் உண்மை இதுவே.

2016-இல் அறிமுகமான இந்த வட்டுகளுக்கு ஏஏசிஎஸ் 2.0 என்னும் பூட்டு உண்டு. அதைக் கணினியில் திறக்க வேண்டுமானால், மற்ற எந்த நிரலும் எட்டிப் பார்க்க முடியாதபடி நினைவகத்தில் ஒரு பகுதியைத் தனியே அடைத்து வைக்கும் இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் வசதி இருந்தாக வேண்டும் என்று விதித்தார்கள். 2017-இல் பவர்டிவிடி என்ற பிளேயர் மென்பொருள் இந்த வட்டுகளை முதன்முதலாக ஆதரித்தபோது, 7-ஆம் தலைமுறை கோர் ப்ராசசர், அதனுள்ளேயே அமைந்த கிராபிக்ஸ், விண்டோஸ் 10, எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறை உள்ள திரை ஆகிய அனைத்தையும் கட்டாயமாக்கியிருந்தது. அதன்பின் இன்டெல், கோர் வரிசையின் 11-ஆம் தலைமுறையிலிருந்து எஸ்ஜிஎக்ஸ் வசதியையே கைவிட்டுவிட்டது. ஆகவே உங்கள் 12-ஆம் தலைமுறைக் கணினி எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதற்கு வழியில்லை. ஏஎம்டி ப்ராசசர்களில் இந்த வசதி எந்நாளும் இருந்ததில்லை.

இணையப் படங்கள் ஓடுவதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அவற்றின் பாதுகாப்பு முறை வேறு. அதற்கு எஸ்ஜிஎக்ஸ் தேவைப்படுவதில்லை. சாதாரண புளூ-ரேயும் பழைய ஏஏசிஎஸ் முறையில் பூட்டப்பட்டது என்பதால்தான் உங்களிடம் தடையின்றி ஓடுகிறது.

திரைநேயன்:

தெளிவான விளக்கத்திற்கு மிக்க நன்றி. வீட்டில் 8-ஆம் தலைமுறை ப்ராசசர் கொண்ட ஒரு மேசைக் கணினி சும்மா கிடக்கிறது. விண்டோஸ் 10-தான் இருக்கிறது. டிரைவை அதில் மாட்டினால் போதுமா?

கம்பிவடம் (பதில்):

போதும் என்று உடனே சொல்லிவிட முடியாது. முதலில் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) சென்று எஸ்ஜிஎக்ஸ் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; பல மதர்போர்டுகளில் அது அணைந்த நிலையில்தான் வருகிறது, சிலவற்றில் அந்த அமைப்பே இருக்காது. ப்ராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். அத்தோடு கதை முடிந்தது.

அடுத்தது, பலரும் கோட்டை விடும் இடம். மானிட்டர் கேபிளைத் தனி கிராபிக்ஸ் கார்டில் செருகாமல், மதர்போர்டின் பின்புறமுள்ள எச்டிஎம்ஐ துளையில் செருக வேண்டும். அந்தத் துளை 2.0ஏ தரத்தில் எச்டிசிபி 2.2-ஐ ஆதரிக்க வேண்டும். அக்காலத்துப் போர்டுகள் பலவற்றில் 1.4 தரத் துளையே இருந்தது; வெளித்தோற்றத்தில் இரண்டிற்கும் வேறுபாடு தெரியாது என்பதால் போர்டின் மாடல் எண்ணைக் கொண்டு கையேட்டில் பார்ப்பதே வழி. நடுவில் ஸ்ப்ளிட்டர், அடாப்டர் போன்ற எதையும் வைக்காதீர்கள்.

பவர்டிவிடியை வெளியிடும் சைபர்லிங்க் நிறுவனமே அல்ட்ரா எச்டி புளூ-ரே அட்வைசர் என்ற இலவசக் கருவியைத் தந்துள்ளது. எந்தப் பகுதி தேறுகிறது, எது தேறவில்லை என்று அது தனித்தனியே காட்டிவிடும். எல்லாம் தேறினால், அந்தக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றாமல் அப்படியே விட்டுவைப்பதுதான் என் யோசனை.

ஏழாம்ஸ்வரம் (பதில்):

கேபிளைப் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். இந்த வட்டுகளின் உச்ச வேகம் நொடிக்கு 128 மெகாபிட், யுஎஸ்பி 2.0-இன் ஏட்டளவு வேகமோ 480 மெகாபிட். அதில் பாதி கிடைத்தாலும் படம் ஓடும். தட்டுப்பாடு வருவது மின்சாரத்தில்தான். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியரும், 3.0 துளை 900 மில்லிஆம்பியரும் தரும்படி வகுக்கப்பட்டவை. தனி அடாப்டர் இல்லாத மெல்லிய டிரைவுகள், 100 ஜிபி கொண்ட மூன்றடுக்கு வட்டைச் சுழற்றத் தொடங்கும்போது மின்சாரம் போதாமல் டிக் டிக் என்று ஒலித்து, விண்டோஸில் மறைந்து மீண்டும் தோன்றும். உங்களுக்குக் கோப்புகள் நிலையாகத் தெரிகின்றன என்றால் அந்தக் கோளாறு இல்லை. பழைய கணினிக்கு மாற்றும்போது மட்டும் முன்பக்கத் துளையைத் தவிர்த்து, மதர்போர்டிலேயே உள்ள 3.0 துளையில் செருகுங்கள்.

வட்டுச்சுழலி:

டிரைவின் ஃபர்ம்வேரை (அதனுள் இருக்கும் நிரலை) மாற்றிப் பூட்டை உடைக்கும் வழிகளை யாரேனும் பரிந்துரைக்கக்கூடும். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம் என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

பழைய கணினி தேறாவிட்டால் அதற்காக உதிரிபாகங்களைத் தேடி அலைவது வீண் வேலை என்றே நினைக்கிறேன். டிவியோடு இணைக்கும் தனி 4கே பிளேயரோ, வட்டு டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் போன்ற கேம் கன்சோலோ இந்தச் சோதனைகள் எதுவுமின்றி ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 ப்ரோ மட்டும் 4கே கன்சோல் என்று பேசப்பட்டாலும் இந்த வட்டுகளைப் படிக்காது. பல 4கே பெட்டிகளுக்குள் அதே படத்தின் சாதாரண புளூ-ரே வட்டு ஒன்றும் இருக்கும். உங்கள் இப்போதைய கணினியிலும் இந்த டிரைவிலும் அதை இன்றே பார்க்கலாம்.