முதல் லாரிக்கு பில் சரி, இரண்டாவதுக்குத் தப்பு

மன்னைக்காரன்:
மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி ஆலையின் நெல் வரவு பில் மென்பொருளை மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பைத்தான். பாதிக்கு மேல் வேறொருவர் எழுதியது. ஆனால் இப்போது சொல்லப்போகும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) நான் எழுதியதுதான்.

தை மாதம், சம்பா அறுவடை, வாசலில் லாரி வரிசை. காலையில் முதல் லாரிக்கு பில் சரியாக வரும். இரண்டாவது லாரி பில்லில் முதல் லாரியின் மூட்டைகளும் ஏறிக்கொள்ளும். கணக்குப்பிள்ளை என்னிடம் மூச்சே விடவில்லை. சிஸ்டத்தை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று அவரே கண்டுபிடித்து, பத்து நாளாக லாரிக்கு லாரி அணைத்துப் போட்டிருக்கிறார். "உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன் தம்பி" என்றார்.

விஷயம் இதுதான். மூட்டைப் பட்டியல் தராவிட்டால் காலிப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும்படி டிஃபால்ட் வைத்திருந்தேன். பைத்தான் அந்தக் காலிப் பட்டியலைக் கூப்பிடும்போதெல்லாம் புதிதாகச் செய்யாது. ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே தடவை செய்யும். அப்புறம் எல்லா லாரிக்கும் அதே பட்டியல்தான். டிஃபால்ட்டை None (ஒன்றும் இல்லை) என்று மாற்றி, பட்டியலை உள்ளே உருவாக்கினேன். இரண்டு வரி வேலை.

வெட்கக்கேடு என்னவென்றால், பைலிண்ட் (பைத்தான் நிரலை ஓட்டாமலே படித்துத் தப்புகளைச் சொல்லும் கருவி) இதை டபிள்யூ0102 என்ற எண்ணில் எப்போதோ சொல்லியிருந்தது. ஆயிரத்துச் சொச்சம் எச்சரிக்கைகளுக்கு நடுவில்! வரி 100 எழுத்தைத் தாண்டிவிட்டது, விளக்கக் குறிப்பு இல்லை என்பவைதான் முக்கால்வாசி. பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

இப்போது ரஃப் போட்டிருக்கிறேன், அதுவும் பைலிண்ட் மாதிரி ஒரு கருவிதான். முதலில் பிழை பிடிக்கும் விதிகள் மட்டும்: இந்த டிஃபால்ட் விவகாரம், எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிடும் வெறும் எக்செப்ட், யாரும் தொடாத மாறிகள். இவை இருந்தால் கமிட் ஆகாது, அதாவது மாற்றம் பதிவாகாது. இடைவெளி, வரி நீளம் எல்லாம் ஃபார்மேட்டர் (நிரலின் தோற்றத்தைத் தானே சீராக்கும் கருவி) பாடு. அதைத் தனி கமிட்டாகப் போட்டேன். லாஜிக் மாற்றத்தோடு கலந்தால் பிறகு எதை ஏன் மாற்றினோம் என்று தேடவே முடியாது.

(லிண்ட் என்பது துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறு. 1978இல் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கு எழுதிய கருவிக்கு வைத்த பெயர். என்னுடையது பிசிறு இல்லை, பொத்தல்.)

குடந்தை_டெவ்:
அண்ணே, எங்கள் கதை தலைகீழ். பைலிண்டில் 10க்கு 10 வாங்காமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று மேலே இருந்து உத்தரவு. ஒரு ஃபங்ஷனில் 12 கிளைக்கு மேல் ('இப்படி என்றால் இதைச் செய்' என்று பிரியும் இடங்கள்) இருந்தால் அது முணுமுணுக்கும் இல்லையா? எங்கள் பையன் ஒருவன் 40 கிளை ஃபங்ஷனை வெட்டி கணக்கு1, கணக்கு2, கணக்கு3, கணக்கு4 என்று நாலாக்கிவிட்டான். மதிப்பெண் வந்துவிட்டது. முன்பாவது ஒரே இடத்தில் படித்துத் தலை சுற்றியது, இப்போது நாலு இடத்தில் சுற்றுகிறது. மிச்சத்துக்கெல்லாம் டிசேபிள் கமென்ட், 'இந்த எச்சரிக்கையைக் காட்டாதே' என்று நிரலிலேயே எழுதும் குறிப்பு. அந்தக் கமென்ட்களை எண்ணுவதற்கு ஒரு கருவி வேண்டும்.

ஆரூர்_மாணவி:
அண்ணா, நான் கல்லூரி புராஜெக்டுக்கு ஓர் ஆப் செய்தேன். நெல்லின் ஈரப்பதத்தைப் போட்டால் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்களா என்று சொல்லும். வரம்பு 17 சதவீதம். அந்த 17ஐ ஒன்பது இடத்தில் நேரடியாக எழுதியிருந்தேன். மழை பிடித்த வருடத்தில் வரம்பைத் தளர்த்தி 19 ஆக்கினால் என்ன ஆகும் என்று சார் கேட்டார். மாற்றிக் காட்டினேன், இரண்டு இடம் விட்டுப்போய்விட்டது. ஒரு திரையில் "எடுப்பார்கள்", அடுத்த திரையில் "எடுக்க மாட்டார்கள்". பெயரில்லாத எண்களைக் காட்டும் விதி ரஃபில் இருக்கிறது, தானாக ஓடாது, நாமே இயக்க வேண்டும். இயக்கியதும் ஒன்பதையும் காட்டிவிட்டது. ஒரே மாறிலியாக்கி 'மதிப்பு2' என்று பெயர் வைத்தேன். ரஃப் ஒன்றுமே சொல்லவில்லை! சார்தான் திட்டி, 'ஈரப்பத_வரம்பு' என்று மாற்றச் சொன்னார்.

மன்னைக்காரன்:
அந்த சார் போல ஓர் ஆள் ஆலையில் இல்லை எனக்கு. குடந்தை, அந்த நாலையும் திரும்ப ஒன்றாக்கிவிட்டு, தொகை பிடித்தம், கூலி, போக்குவரத்து என்று வேலைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். அப்புறம், கணக்குப்பிள்ளை இன்னும் லாரிக்கு லாரி அணைத்துத்தான் போடுகிறார். கை பழகிவிட்டதாம்.