வயதானோரின் இதயத்துக்குக் கொக்கோ மாத்திரை தேவைதானா?

செல்வராசு (கடலூர் முதுநகர்):
எழுபதைக் கடந்த என் தந்தையாருக்குக் கொக்கோ விதையிலுள்ள ஃபிளேவனால் என்னும் தாவரச் சேர்மம் அடங்கிய மாத்திரை வாங்கித் தர எண்ணியுள்ளேன். அமெரிக்காவில் 21,442 முதியவர்களிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான காஸ்மாஸ் ஆய்வில், நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் ஃபிளேவனால் உட்கொண்டோரிடம் இதயநோய் இறப்பு 27 விழுக்காடு குறைந்திருந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு என்பதால் இதனை எளிதில் ஒதுக்க இயலாது.

மீனாட்சி (புதுச்சேரி, முத்தியால்பேட்டை):
ஐயா, அந்த ஆய்வு முதன்மையாக விடை தேடிய கேள்வி வேறு. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு முதலிய அனைத்தையும் சேர்த்த எண்ணிக்கை குறைகிறதா என்பதே அது; குறைந்ததோ 10 விழுக்காடு, அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தை விலக்க முடியாத அளவு. நீங்கள் கூறும் 27 துணை முடிவுகளுள் ஒன்று. அடுத்த ஆய்வுக்கு அது தூண்டுகோலாகலாம். அதை நம்பி ஓய்வூதியப் பணத்தை மாதந்தோறும் செலவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

செல்வராசு:
அந்த முடிவு தனித்து நிற்கவில்லை, அம்மா. நெதர்லாந்தின் ஸுட்ஃபென் நகரில் 65 முதல் 84 வயது வரையிலான 805 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியிட்ட ஆய்விலும், ஃபிளேவனால் அடங்கிய சேர்மக் குடும்பமான ஃபிளேவனாய்டுகளை உணவில் மிகுதியாகப் பெற்றவர்கள் இதயநோயால் இறப்பது குறைவாகவே இருந்தது.

மீனாட்சி:
அவர்களுக்கு அது பெரும்பாலும் தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாகக் கிடைத்தது. மாத்திரை வழியாக அன்று. அவற்றை மிகுதியாக உண்பவர்களின் பிற பழக்கங்களும் நல்லவையாக இருந்திருக்கலாம். நம் பக்கத்துக் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் இத்தகைய சேர்மங்களை நார்ச்சத்தோடு தருகின்றன. ஆனால் கூழுக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடும் ஊறுகாயும் நாள்தோறும் சேர்ந்தால், அவற்றிலுள்ள உப்பு முதியவர்களின் இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

செல்வராசு:
உப்பைக் குறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. மாத்திரையைப் பற்றிய என் கருத்து அப்படியே இருக்கிறது. எனினும் தந்தையார் உட்கொள்ளும் ஸ்டேட்டின் என்னும் கொழுப்புக் குறைப்பு மருந்தை நிறுத்தாமல், மருத்துவரிடம் காட்டிய பிறகே கொடுப்பேன்.

நெல்லிக்குப்பம் வாசகர்:
செயற்கை வால்வு பொருத்தப்பட்ட என் தாயார், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்னும் மருந்தை உட்கொள்கிறார். கீரையை அடியோடு நிறுத்திவிட்டோம். அது சரிதானா?

மீனாட்சி:
அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்துக்கு எதிராகச் செயல்படுவதால், ஒரு வாரம் மிகுதியாகவும் மறுவாரம் இல்லாமலும் உண்டால்தான், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு தடுமாறும். மருத்துவரிடம் தெரிவித்து, ஐஎன்ஆர் பரிசோதனையோடு சிறிதளவில் மீண்டும் தொடங்கி, வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறும் இருந்தால், கீரையிலுள்ள பொட்டாசியத்தைப் பற்றியும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.